ஐந்து எண்ணுவதற்குள் அணைந்த கம்ப்யூட்டர்

எனக்குக் கோபம் வந்தால் வாய் முன்னால் போகும், புத்தி பின்னால் நொண்டிக்கொண்டு வரும். எங்கள் வீதியில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான் இது. போன வருஷம் ஒரு கம்ப்யூட்டரை என் கையாலேயே கழற்றி, என் கையாலேயே சரிசெய்தேன். அதைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள எனக்கு ஆசை. ஆனால் அந்தப் பெருமையை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்துச் சொல்ல முடியாது. என் வாயால் வந்த வினையும் அதனோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எங்கள் ஊர் பெருமாட்டிப் பக்கம், எல்லையை ஒட்டிய மலையாள மண். பஞ்சாயத்து ஆபீசிலும் வில்லேஜ் ஆபீசிலும் எல்லாக் காகிதமும் மலையாளத்தில்தான் வரும். இங்கே பாதிப்பேர் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். மலையாளம் கேட்டால் புரியும், பேசவும் பேசுவார்கள், ஆனால் ஓர் அபேட்சை, அதாவது விண்ணப்பம், எழுதச் சொன்னால் முகம் வேர்த்துவிடும். நான் மலையாளப் பள்ளியில் படித்தவள். அதனால் வீட்டு முன்னறையில் ஒரு மேஜை போட்டு, ஒரு கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வைத்து, வருகிறவர்களுக்கு அபேட்சை அடித்துக் கொடுக்கிறேன். அந்தக் கம்ப்யூட்டர் வாங்கிப் போன வருஷத்தோடு ஏழு வருஷம் ஆகியிருந்தது.

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டியவர். இங்கிருந்து தேங்காய் ஏற்றிக்கொண்டு கோவிந்தாபுரம் செக்போஸ்ட் தாண்டிப் பொள்ளாச்சிக்குப் போவார், வெறும் வண்டியோடு திரும்புவார். முப்பது வருஷமாக அதே ரோடு. போன வருஷம் சித்திரையில் ஒரு காலை, பல் விளக்கிக்கொண்டிருந்தவர் கையிலிருந்து பிரஷ் நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தார், கை வரவில்லை. பக்கவாதம் என்றார்கள், ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் இருந்தோம். பேச்சுக்குப் பழுதில்லை, காலும் இரண்டு மாதத்தில் தேறியது. வலது கை மட்டும் தோளிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. விரல்கள் பாதி மடங்கியபடியே நின்றுவிட்டன.

சர்க்கார் ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுக்கிற பெண் பொள்ளாச்சிக்காரி. ஒளிக்காமல் சொன்னாள். "மொதல்ல வர்ற மாசங்கதானுங்க முக்கியம். இப்ப வெரல வேல வாங்குனா வரும். சும்மா உட்டுப்போட்டீங்கன்னா வெரலு வேலையவே மறந்துபோகும்." சொல்லிவிட்டு, அமுக்கிப் பழக ஒரு மஞ்சள் ரப்பர் பந்தைக் கொடுத்தாள். அவர் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து அலமாரி மேல் வைத்தார்.

"நா என்ன நாய்க்குட்டியா, பந்து வெச்சு வெளையாட?"

கெஞ்சினேன், திட்டினேன், ஒரு நாள் சோறு போட மாட்டேன் என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். அசையவில்லை. ஆடி மாதத்தில் ஒரு நாள் நான் அடுக்களையில் இருந்தபோது முன்னறையில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. வெகுநேரம் கழித்து இன்னொரு 'டக்'. எட்டிப் பார்த்தேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, இடது கையை மடியில் வைத்துக்கொண்டு, வலது கை ஆள்காட்டி விரலால் எழுத்துத் தேடி அடித்துக்கொண்டிருந்தார். விசைகளில் மலையாள எழுத்தோடு தமிழ் எழுத்தும் நான் ஒட்டி வைத்திருந்தது வசதியாகப் போயிற்று. நான் சத்தம் காட்டாமல் அடுப்புக்குத் திரும்பிவிட்டேன். வாயைத் திறந்தால் ஏதாவது சொல்லிக் கெடுத்துவிடுவேன் என்று எனக்கே தெரியும்.

அவர் அடித்தது அவருடைய ரோட்டை. எங்கள் வீட்டு வாசலில் தொடங்கி, வரிசையாக, ஒரு வரிக்கு ஓர் இடம். கன்னிமாரி. வாய்க்கால் பாலம். பஞ்சர் கடை. கோவிந்தாபுரம் செக்போஸ்ட். செக்போஸ்ட் தாண்டி வடை நன்றாக இருக்கிற டீக்கடை. இரட்டைப் புளியமரம். ஓர் இடத்தை அடிக்க அரைமணி நேரம் ஆகும். சில நாள் இரண்டு இடம் போவார், சில நாள் ஒரே வளைவில் நின்றுவிடுவார். "இன்னைக்கு வண்டி எங்க நிக்குதுங்க?" என்று கேட்பேன். "சோதனச்சாவடி தாண்டிப்போட்டேன்" என்பார். ஆவணி முடியும்போது ஆள்காட்டி விரல் நீண்டது. புரட்டாசியில் ஒரு காலை, சட்டையின் மேல் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டு வந்து என் முன்னால் நின்றார். நான் திரும்பிக்கொண்டு அழுதேன்.

அந்தப் புரட்டாசியிலும் ஆயுத பூஜைக்கு வழக்கம்போல எல்லாவற்றையும் துடைத்து வைத்தேன். அரிவாள், மண்வெட்டி, அவருடைய லாரி டூல் பை, என் கம்ப்யூட்டர், பிரிண்டர். பொரியும் சுண்டலும் படைத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்தேன். கம்ப்யூட்டருக்கு ஏழு வருஷமாக ஒரே இடத்தில்தான் வைப்பேன். பெட்டியின் முன்பக்கம் நடுவில் வட்டமாக ஒரு பொத்தான் இருக்கிறது, ஆன் பண்ணுகிற பொத்தான். நெற்றியில் பொட்டு வைக்கிற இடம்போலவே அமைந்திருக்கும். அதன்மேல் சந்தனத்தைத் தாராளமாக அப்பி, நடுவில் குங்குமம். மறுநாள் ஈரத் துணியால் மேலாகத் துடைத்துவிட்டு வேலையைத் தொடங்குவேன்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு சாயங்காலம் அவர் வண்டி அம்பராம்பாளையம் வரை வந்துவிட்டது. அன்றைக்கு அவருக்கு நல்ல குஷி. "நாளைக்குப் பொள்ளாச்சி போய்ச் சேந்தர்லாம் புள்ள" என்றார். மறுநாள் காலையில் நான் கோதுமை மாவு பிசைந்துகொண்டிருந்தேன். முன்னறையில் தொம் தொம் என்று தட்டுகிற சத்தம். போய்ப் பார்த்தால், கம்ப்யூட்டர் பொத்தானை அவர் வலது கை முஷ்டியால் உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டு அமுக்கிக்கொண்டிருந்தார். காற்றாடி சுற்றும், விளக்கு எரியும், ஐந்து எண்ணுவதற்குள் பொட்டென்று அணையும். மறுபடி அமுக்கினார். மறுபடி அணைந்தது. அவரை ஒதுங்கச் சொல்லிவிட்டு நான் மெதுவாக அமுக்கினேன். அதே ஐந்து, அதே அணைதல்.

அதற்குள்ளே எத்தனையோ பேருடைய காகிதம் இருந்தது. அன்றைக்குப் பத்து மணிக்கு ஒருவர் வருவதாகச் சொல்லியிருந்தார். இதெல்லாம் காரணம் என்று இப்போது சொல்லலாம். காரணம் என்ன காரணம், வாய்தான். "அந்தக் கைய அதும்மேல வெக்காதீங்கன்னு எத்தன தடவ சொல்றது?" என்று கத்தினேன்.

நான் ஒரு தடவையும் அப்படிச் சொன்னதில்லை. அன்றைக்குத்தான் முதல் தடவை.

அவர் இடது கையால் வலது கையைப் பிடித்துத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து பின்பக்கம் போய் மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அன்றிலிருந்து முன்னறைப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார்.

பெட்டியைத் துணியில் சுற்றிப் பஸ்ஸில் வைத்துக் கொல்லங்கோட்டில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் வயரைச் சொருகி அமுக்கினார், எரிந்தது. அணையவேயில்லை. இருந்தாலும் உள்ளே கரண்டு கொடுக்கிற பெட்டி பழசாகிவிட்டது என்று சொல்லிப் புதிதாக ஒன்று மாட்டினார். வீட்டுக்குக் கொண்டுவந்தேன், மூன்று நாள் ஓடியது, நான்காம் நாள் ஐந்து எண்ணுவதற்குள் அணைந்தது. திரும்பவும் பஸ். அங்கே போனால் மறுபடி சமர்த்தாக எரிந்தது. கடைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "இவிட ஒரு குழப்பமும் இல்ல சேச்சி. வீட்ல ஆரோ தெற்றாயிட்டு அமுக்குன்னுண்டு" என்றார். இங்கே ஒரு கோளாறும் இல்லையாம், வீட்டில் யாரோ தப்பாக அமுக்குகிறார்களாம். வீட்டுக்கு வந்து அதை அப்படியே சத்தமாகச் சொன்னேன். கொட்டகைப் பக்கம் கேட்கிற மாதிரிதான் சொன்னேன்.

அந்த மூன்று நாளும் அவர் அதைத் தொடவேயில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், முன்னமே அமுக்கி உடைத்ததுதானே என்று என் மனசு ஒரு நியாயம் கண்டுபிடித்துக்கொண்டது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

கார்த்திகை பிறந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அந்தப் பெண் அவர் விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிப் பார்த்தாள். போன தடவை நீண்ட ஆள்காட்டி விரல் இப்போது பாதியில் நின்றது. சட்டையின் மேல் பொத்தானை மறுபடியும் நான் போட்டுவிட ஆரம்பித்திருந்தேன்.

"என்னாச்சுங்க, நல்லா வந்துட்டு இருந்துதே? நிறுத்திப்போட்டாரா?"

"கம்ப்யூட்டரு கெட்டுப்போச்சுங்க" என்றேன்.

"அப்ப மொதல்ல அதச் சரி பண்ணுங்க. இன்னும் நாளு போச்சுன்னா கஷ்டமுங்க."

வீட்டுக்கு வந்ததும் பந்தை எடுத்து அவர் மடியில் வைத்தேன். அவர் அதை உருண்டு விழ விட்டார். "கம்ப்யூட்டரே இந்தக் கையத் தாங்கல, பந்து தாங்குமாக்கும்" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். கடைக்காரருக்குப் போன் பண்ணினேன். அவர் மாலை போட்டு மலைக்குப் போயிருந்தார், கடை பூட்டியிருந்தது, வர ஒரு வாரம் ஆகும் என்று அவர் வீட்டில் சொன்னார்கள். ஒரு வாரம் காத்திருக்க என்னால் முடியவில்லை.

மறுநாள் காலை வேலை முடிந்ததும் பரணிலிருந்து அவருடைய லாரி டூல் பையை இறக்கினேன். எல்லா வயரையும் பிடுங்கிவிட்டு, பெட்டியைக் கட்டிலில் படுக்கவைத்து, பக்கத் தகட்டின் திருகாணிகளைக் கழற்றினேன். உள்ளே ஒரு மூலையில் ஒட்டடை, இன்னொரு மூலையில் மூன்று பல்லி முட்டை. ஆ, கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். எல்லாவற்றையும் பிரஷால் துடைத்து, வயரைச் சொருகி அமுக்கினேன். ஐந்தாவது எண்ணில் அணைந்தது. போனில் ஒரு வீடியோ பார்த்து, நினைவகப் பட்டையை உருவி, அதன் பித்தளை விளிம்பை அழிரப்பரால் தேய்த்துத் திரும்பச் சொருகினேன். ஐந்து. பிரிண்டர், மவுஸ், கீபோர்டு எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் பார்த்தேன். ஐந்து.

தரையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன். அப்போதுதான் ஒன்று தோன்றியது. ஒவ்வொரு தடவையும் சரியாக ஐந்து. கெட்டுப்போன சாமானுக்கு இவ்வளவு ஒழுங்கு எங்கிருந்து வரும்? வேறு எப்போது இது ஐந்து எண்ணி அணையும் என்று யோசித்தேன். அடிக்கடி பார்த்ததுதான். திரை உறைந்து நின்றுபோனால் நானே பொத்தானை விடாமல் அமுக்கிப் பிடிப்பேன், ஐந்து எண்ணுவேன், அணையும். அப்படியென்றால் இப்போதும் யாரோ பொத்தானை விடாமல் அமுக்கிக்கொண்டிருக்கிறார்கள். நான் கையை எடுத்த பிறகும்.

வீடியோவில் காட்டியபடி, பொத்தானிலிருந்து உள்ளே வருகிற மெல்லிய இரட்டை வயரைத் தேடிப் பிடுங்கினேன். அது இருந்த இடத்தில் குண்டூசிபோல இரண்டு கம்பி நீட்டிக்கொண்டிருந்தன. சின்ன ஸ்குருடிரைவரின் நுனியால் இரண்டையும் சேர்த்து ஒரு தொடு தொட்டு எடுத்தேன். காற்றாடி சுற்றியது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஆறு. ஏழு. இருபதுவரை எண்ணினேன். திரையில் வெளிச்சம் வந்தது.

அந்த நிமிஷத்து சந்தோஷத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பிள்ளை பெற்றபோதுகூடப் பக்கத்தில் நர்சு இருந்தாள். இது முழுக்க நானே. எழுந்து முன்னறைக்குள்ளேயே இரண்டு நடை நடந்தேன். கொல்லங்கோட்டுக் கடைக்காரர் அப்போது எதிரில் வந்திருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். மிச்சமிருந்தது பொத்தான் மட்டும்தான். கம்ப்யூட்டரை அணைத்து, வயரைப் பிடுங்கி, பெட்டியின் முன்பக்க பிளாஸ்டிக் முகத்தை நெம்பிக் கழற்றிக் கையில் எடுத்தேன்.

வாசனைதான் முதலில் வந்தது. சந்தன வாசனை.

பொத்தானின் பின்பக்கமும் அது போய்வருகிற குழியும் மஞ்சளாகக் கெட்டிப்பட்டிருந்தன. நடுநடுவே குங்குமச் சிவப்பு. ஏழு ஆயுத பூஜை, அடுக்கடுக்காக. மேலே துடைத்ததெல்லாம் இடுக்கு வழியாக உள்ளே போய்க் காய்ந்து, மழை ஈரத்தில் ஊறிப் பசையாகியிருந்தது. அமுக்கினால் பொத்தான் உள்ளே போகும், ஒட்டிக்கொள்ளும், உடனே திரும்பி வராது. பஸ்ஸில் குலுங்கினால் விட்டுக்கொடுக்கும். அதனால்தான் கடையில் சமர்த்தாக எரிந்தது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்று சொல்வார்களே, நான் சந்தனத்தையே வைத்திருக்கிறேன்.

ஊக்கால் சுரண்டினேன். வெந்நீரில் பிளாஸ்டிக்கைக் கழுவித் துணியால் ஒற்றி வெயிலில் வைத்தேன். அது காய்கிற நேரமெல்லாம் ஒரே யோசனை. பல்லி முட்டை என்று சொல்லிவிடலாம். யாருக்கும் நோகாது, பல்லி வந்து மறுக்கப்போவதில்லை. கம்ப்யூட்டர் சரியாகிவிட்டது, வாருங்கள் என்றால் அவர் வருவார் என்றே வைத்துக்கொள்வோம். வந்தாலும் அந்தக் கையைப் பயந்து பயந்துதான் வைப்பார். அமுக்காத விரல் எப்படித் தேறும்? சுரண்டியெடுத்த சந்தனத்தில் ஒரு பெரிய கட்டியை மட்டும் நான் எறியாமல் வைத்திருந்தேன். அதை எடுத்துக்கொண்டு கொட்டகைப் பக்கம் போனேன்.

அவருடைய வலது உள்ளங்கையைப் பிரித்து அதில் வைத்தேன். "ஏனுங்க, இத மோந்து பாருங்க."

இடது கையால் வலது கையை மூக்கருகே தூக்கினார். "சந்தனமாட்ட இருக்குது. எங்கிருந்து?"

"கம்ப்யூட்டரு பொத்தானுக்குள்ள இருந்துது. வருசா வருசம் நா வெச்சது. அதுதான் ஒட்டிக்கிட்டுப் பொத்தானு திரும்பி வரல. உங்க கையில்லீங்க. நாந்தான். நாஞ் சொன்னது தப்புங்க."

அவர் கட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். மாடு இரண்டு தடவை தலையை ஆட்டியதில் சலங்கை குலுங்கியது.

"முப்பது வருசம் வண்டி ஓட்டியிருக்கறேன். ஹாரன் மேல சந்தனம் அப்புன டிரைவர நாம் பாத்ததில்ல."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. விரல்களை மெதுவாக மூடப் பார்த்தார், கட்டியின்மேல் பாதிதான் மூடியது.

"அப்ப என்ற கையில்ல" என்றார். கேள்வி மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

"இல்லீங்க."

"இத்தன நாளா அந்தக் கையத்தான் பாத்துட்டு உக்காந்திருந்தேன்."

நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு அவர் முன்னறைக்கு வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. சாயங்காலம் முன்முகத்தை மாட்டி, வயரைச் சொருகி, ஒருவருடைய நிலவரி அபேட்சையை அடித்துக் கொடுத்தேன். நன்றாகவே ஓடியது.

அடுத்த நாளும் வரவில்லை. அதற்கடுத்த நாள் காலையில் சட்டை மாட்டிக்கொண்டு, பொத்தான் போடாமலே வந்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். வலது ஆள்காட்டி விரலைப் பொத்தான்மேல் வைத்து அமுக்கினார். விரல் வளைந்து வழுக்கியது. என் கை தானாக முன்னால் போனது, சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்றாவது தடவை விளக்கு எரிந்தது. ஐந்து தாண்டியது. அவரும் எண்ணிக்கொண்டிருந்தார், உதடு அசைவதைப் பார்த்தேன். அவருடைய ரோடு அம்பராம்பாளையத்திலேயே நின்றுகொண்டிருந்தது. அவர் 'ப' எங்கே என்று தேட ஆரம்பித்தார். நான் அடுக்களைக்குப் போய்விட்டேன்.

பொள்ளாச்சி போய்ச் சேர அன்றைக்கு மத்தியானம் ஆயிற்று. மறுநாளிலிருந்து வெறும் வண்டியோடு திரும்பி வர ஆரம்பித்தார். அதற்குப் பிறகு வேறு ரோடுகள். கை முழுசாக வரவில்லை. வராது என்றும் ஆஸ்பத்திரிப் பெண் சொல்லிவிட்டாள். ஐப்பசி மழையில் போன நாற்பது நாள் போகாமல் இருந்திருந்தால் இன்னும் கொஞ்சம் வந்திருக்குமோ என்று நான் கேட்கவில்லை.

இந்த வருஷ ஆயுத பூஜைக்கு நான் சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு முன்னறைக்குள் நுழைந்ததுமே அவர் தடுத்தார். "ஏம்புள்ள, கிண்ணத்தோட அக்கட்டால போ. கம்ப்யூட்டருக்கு நா வெக்கறேன்." கண்ணாடியில் செருகியிருந்த என் ஸ்டிக்கர் பொட்டு அட்டையை இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது கை நகத்தால் ஒரு பொட்டை உரிக்கத் தொடங்கினார். பொரி நமுத்துப்போகும் என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. முதல் பொட்டு கீழே விழுந்தது. இரண்டாவது விரலிலேயே ஒட்டிக்கொண்டு மடங்கிவிட்டது. மூன்றாவதை உரித்து, விரல் நுனியில் ஏந்தி, பெட்டியின் உச்சியில், பொத்தானுக்கு ஒரு சாண் தள்ளி ஒட்டினார். கோணலாகத்தான் இருந்தது. நான் திருத்தவில்லை.